ஊசி போடும் முன் அளப்பதில் நடக்கும் தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் இருப்பது வெள்ளியா ஈயமா என்று தராசுக்குக் கவலையில்லை. கிராம் காட்டும், அவ்வளவுதான். கதிரியக்க மருந்தை உடலில் செலுத்தி ஸ்கேனும் சிகிச்சையும் செய்யும் அணு மருத்துவத்தில், மருந்தின் கதிரியக்கத்தை அளக்க நாங்கள் நாள் முழுக்க நம்பியிருக்கும் டோஸ் கேலிப்ரேட்டரும் அதே ரகம். அழுத்தி அடைத்த ஆர்கான் வாயு, நடுவில் கிணறு மாதிரி ஒரு குழி. சிரிஞ்சைக் குழிக்குள் இறக்கினால் கதிர்வீச்சு வாயுவை அயனியாக்கி மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைக் கதிரியக்க அளவான மில்லிக்யூரியாக மாற்றிக் காட்ட வேண்டுமென்றால், உள்ளே இருப்பது எந்த ஐசோடோப் (எந்தக் கதிரியக்கப் பொருள்) என்று நாம்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்தப் பொத்தானில்தான் பாதிப் பிழை. காலையில் சீசியம்-137 மூலத்தை வைத்துக் கருவியைச் சோதிப்போம். அப்புறம் நோயாளிக்குச் செலுத்தும் டெக்னீசியம்-99எம்மின் பொத்தானுக்கு மாற்ற மறந்துவிடுவோம். சீசியம் பொத்தானில் டெக்னீசியத்தை அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். போதவில்லையே என்று இன்னும் கொஞ்சம் மருந்தை இழுப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படி இரண்டு சிரிஞ்சு நிரப்பியிருக்கிறேன். வயல் எனப்படும் மருந்துக் குப்பியில் மருந்து கணக்குக்கு மீறிக் குறைந்திருந்ததால்தான், ஊசி போடும் முன் பிடிபட்டது. மில்லிக்யூரியையும் மெகாபெக்கரலையும் குழப்பிக்கொள்வதும் இதே குடும்பம். ஒரு மில்லிக்யூரி என்பது 37 மெகாபெக்கரல். திரையில் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஒருநாள் மாட்டுவார்கள்.

அடுத்தது நேரம். எனக்குக் கேட்டால் இதுதான் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் விஷயம். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம். ஏற்காட்டிலிருந்து வரவேண்டியவருக்கு ஒன்பதரை மணிக்கே 20 மில்லிக்யூரி அளந்து வைத்துவிட்டோம் என்று வையுங்கள். மலைப்பாதையில் மூடுபனி, இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ் ஊர்ந்து இறங்குகிறது. பதினொன்றரைக்கு ஊசி போடும்போது சிரிஞ்சில் 16கூட இருக்காது. பதிவேட்டில் மட்டும் 20 என்றே நிற்கும். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 இன்னும் அவசரக்காரன், அரை ஆயுள் 110 நிமிடம்தான். பெங்களூரில் ஏற்றிய மருந்து தொப்பூர் கணவாய் நெரிசலில் சிக்கி நான்கு மணி நேரத்தில் சேலம் வந்தால், 100 பங்கில் 22 பங்குதான் மிச்சம்.

அதையாவது எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். யாரும் எதிர்பார்க்காதது, சுவர்க் கடிகாரமும் ஸ்கேனர் கணினியும் பத்து நிமிடம் வித்தியாசமாக ஓடுவது. ஃப்ளோரினுக்குப் பத்து நிமிடம் என்றால் 6 சதவீதம். கட்டி மருந்தை எவ்வளவு இழுத்தது என்று கணக்கிடும் எஸ்யூவி எண் அப்படியே தப்பாகப் போகும். பழைய ஸ்கேனோடு ஒப்பிடும் மருத்துவருக்குக் கட்டி மாறிவிட்டதோ கடிகாரம் மாறிவிட்டதோ தெரியாது. வாரம் ஒருமுறை எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக்க ஐந்து நிமிடம் போதும்.

அயோடின்-131 வரும்போது சான்றிதழில் இருக்கும் அளவு எந்தத் தேதிக்கு, எத்தனை மணிக்கு என்று படியுங்கள். குறித்த தேதி மூன்று நாள் முந்தையது என்றால், இன்று 23 சதவீதம் குறைவாகத்தான் இருக்கும். அதற்காகக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

பாத்திரமும் முக்கியம். அயோடின்-123, இண்டியம்-111 இரண்டும் காமாவோடு சேர்த்து ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களையும் விடும். கண்ணாடி வயல் அவற்றைப் பெருமளவு விழுங்கிவிடும். பிளாஸ்டிக் சிரிஞ்சு வெளியே விட்டுவிடும். ஆகவே அதே மருந்து வயலில் ஓர் எண், சிரிஞ்சில் அதைவிடப் பெரிய எண். குழிக்குள் மெல்லிய செம்பு உறை வைத்து அந்தக் கதிர்களைத் தடுக்கலாம், அல்லது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் திருத்தக் காரணி கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். டெக்னீசியத்துக்கு இந்த வித்தியாசம் சிறிது. பீட்டா மட்டும் விடும் இட்ரியம்-90 என்றால் பாத்திரத்தின் சுவரே பதிலைத் தீர்மானிக்கும்.

ஊசி போட்ட பின் காலி சிரிஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் அளந்து, நேரத் திருத்தம் செய்து கழித்தால்தான் உடம்புக்குள் போனது எவ்வளவு என்று தெரியும். இதய ஸ்கேன் மருந்துகளில் சில பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

குழியில் ஒரு சொட்டுச் சிந்தியிருந்தாலும் அது ஒவ்வோர் அளவீட்டிலும் சேர்ந்துகொள்ளும். காலையில் வெறுங்குழியை அளங்கள். எண் வழக்கத்தைவிட அதிகமா? குழிக்குள் செருகியிருக்கும் உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். எண் இறங்கினால் அழுக்கு உறையில்தான். இறங்காவிட்டால் பக்கத்தில் டெக்னீசியம் எடுக்கும் ஜெனரேட்டரோ, ஊசி போட்டுக்கொண்ட நோயாளியோ இருக்கிறாரா என்று பாருங்கள்.

சீசியம் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் மாறவே மாறாது என்று நினைப்போம். ஐந்து ஆண்டில் 11 சதவீதம் போய்விடும். சான்றிதழின் பழைய எண்ணோடு ஒப்பிட்டு, கருவி பழுது என்று முடிவு கட்டி, திருகித் திருத்தியவர்கள் உண்டு. அதே மூலத்தை டெக்னீசியம், அயோடின் பொத்தான்களிலும் தினமும் அளந்து எழுதுங்கள். அந்த எண்கள் உண்மை அளவு அல்ல. ஆனால் தேய்மானத் திருத்தம் போக நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவோம்.

சிறிய டோஸில் சரியாக இருக்கும் கருவி, 100 மில்லிக்யூரி அயோடின் சிகிச்சை அளவில் குறைத்துக் காட்டலாம். இதற்கு வெள்ளி மாலை 6 மணிக்கு அதிக அளவு டெக்னீசியத்தில் தொடங்கி, திங்கள் காலை 6 மணி வரை அவ்வப்போது அளந்து பாருங்கள். 60 மணி நேரத்தில் அது 1024இல் ஒரு பங்காகும். லாக் (மடக்கை) வரைபடத் தாளில் நேர்க்கோடு வர வேண்டும். கோட்டின் வால் மட்டும் மேலே வளைந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன், ஜெனரேட்டரிலிருந்து டெக்னீசியத்தின் தாய் ஐசோடோப்பான மாலிப்டினம்-99 கலந்திருக்கிறதா என்று சோதியுங்கள். அதன் அரை ஆயுள் 66 மணி.

கடைசியாக, நம்ம ஊர் விஷயம். டோஸ் கேலிப்ரேட்டரின் வாயு அடைபட்டது; மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுதான். சுற்றுப்புறக் கதிர்வீச்சை அளக்கக் கையில் பிடிக்கும் சர்வே மீட்டர்களில் சிலவற்றுக்கு வெளிக்காற்று புகும் திறந்த அயனி அறை. சுமார் 280 மீட்டர் உயரச் சேலத்தில் சரிபார்த்ததை 1,500 மீட்டர் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்திருப்பதால் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். மேலே போகும்போது வெப்ப, அழுத்தத் திருத்த அட்டவணையும் பையில் இருக்கட்டும்.