மொசார்ட் தங்கக்காசு அசலா? வீட்லயே பாக்குற விதம்

எங்க சித்தப்பா வெளிநாட்டுல இருந்து வந்தப்ப ஒரு தங்கக்காசு கொண்டு வந்தாரு, பொட்டியும் இல்ல சர்டிபிகேட்டும் இல்ல, வெறும் காசுதான். ஹட்டன் வீட்ல எல்லாரும் "எத்தன பவுண்?"னு கேட்டாங்களே தவிர காசுல இருக்கிற ஆளு யாருனு ஒருத்தரும் கேக்கல, அம்மாயி அதுக்குள்ள பளபளனு விளக்குறதுக்குப் புளி எடுக்க குசினிக்குப் போயிட்டாங்க. ஓடிப்போய் தடுத்தேன். இந்த மாதிரி காசுல சின்னக் கீறல் விழுந்தாலே சேகரிக்கிறவங்க வெலயக் கொறச்சிடுவாங்க. விளக்காதீங்க, உரைகல்லுல ஒரசவும் விடாதீங்க, ஓரத்தப் புடிச்சு மட்டும் தூக்குங்க.

மொதல்ல நாடு, வருசம், பெறுமதி படிங்க. ஒஸ்ட்ரியா அந்தக் காலத்து இசையமைப்பாளருங்க பேர்ல 2004ல ஹேடன், 2005ல பீத்தோவன், 2006ல மொசார்ட் (பொறந்து 250 வருசம்)னு மூணு 50 யூரோ தங்கக்காசு அடிச்சிச்சு. எடை 10.14 கிராம், அதுல சுத்தத் தங்கம் 10 கிராம், அகலம் 22 மில்லிமீட்டர். பழைய இங்கிலீஷ் பவுண் காசும் அதே அகலந்தான், ஆனா 8 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி, அதனால கண்ணால பாத்து ஏமாறாதீங்க. வியன்னா பில்ஹார்மோனிக்னு 1989ல இருந்து வர்றது வேற காசு, அதுல ஓர்கனும் வாத்தியமுந்தான், ஆள் முகம் கிடையாது.

அடுத்தது தராசு. பருப்பு நிறுக்கிற தராசு சரிவராது, 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு வேணும். காந்தமும் வச்சுப் பாருங்க, ஒட்டுனா போலி. ஒட்டலனா அசல்னு அர்த்தமில்ல, பித்தளயும்தான் ஒட்டாது.

இனித்தான் முக்கியமான வேல. தராசுல தண்ணி கப்ப வச்சு சைபர் ஆக்குங்க. காச மெல்லிசு நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் படாம, முழுசா முங்குற மாதிரி தொங்கவிடுங்க, குமிழி ஒட்டியிருந்தா லேசா ஆட்டிவிடுங்க. தராசு காட்டுற எண்ணால காசோட எடைய வகுங்க. கிட்டத்தட்ட 0.53 காட்டணும், 10.14ஐ அதால வகுத்தா 19.1 வரும், இந்தத் தங்கத்தோட அடர்த்தி 19 சொச்சம். பித்தளையா இருந்தா 1.2 கிட்ட காட்டும். நூல் புடிக்கிற கை ஆடாம இருக்கணும், எங்க ஊரு குளிருல எனக்கு மூணு தடவ பிழச்சிச்சு. முடிஞ்சதும் மெதுவான துணியில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

டங்ஸ்டன்ங்கிற உலோகத்த உள்ள வச்ச போலிய மட்டும் தண்ணி காட்டிக்குடுக்காது, அதுக்கும் தங்கத்துக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணு. அதுக்கு நாணயம் வாங்கி விக்கிற ஆளுகிட்டத்தான் போகணும், நகைக்கடை மெஷின் மேல்தோலத்தான் பாக்கும்.

எங்களுது 0.53. சொன்னதும் அம்மாயி விரல் விட்டு எண்ணிட்டு, "அப்ப ஒண்ணேகால் பவுண்"னாங்க.