காற்றில் தளர்ந்த படகுப் பட்டை: என் அனுபவம்

இடிந்தகரையிலிருந்து ராதாபுரம் வழியாக வள்ளியூருக்கு ஃபைபர் படகை டிரெய்லரில் இழுத்து வந்தால், காற்றாலைகளைத் தாண்டுவதற்குள் படகை டிரெய்லரோடு கட்டிய பின்பக்கப் பட்டை தளர்ந்துவிடும். படகு ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். புறப்படும்போது அந்தப் பட்டை விறைப்பாகத்தான் இருக்கும்.

முதலில் ராட்செட் (பட்டையை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மேல் சந்தேகம். புதிது மாற்றினேன், பலனில்லை. அப்புறம் நைலான் கயிறு கூடுதலாகக் கட்டினேன். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் நீளும். அதுவும் சரிவரவில்லை.

மச்சான் பைக்கில் பின்னால் வந்தபோதுதான் பிடிபட்டது. "மாப்ள, பட்டை படபடன்னு அடிக்குல்லா!" என்றான். ஆடிக்காற்றில் தட்டையான பட்டை விடாமல் அதிர்ந்து, பிடியைத் தளர்த்தியிருக்கிறது. கொக்கியை மாட்டும் முன் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கினேன். அந்த முறுக்கு வெறும் காற்றில் நிற்கும் பகுதியில்தான் வரவேண்டும். படகு விளிம்பில் பட்டால் பட்டை அங்கே தேயும், ராட்செட்டுக்குள் போனால் சிக்கும். படபடப்பு நின்றது. வள்ளியூர் வரை பட்டை இளகவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பாலியஸ்டர் பட்டையே போடுங்கள், நைலானை விடக் குறைவாகத்தான் நீளும். முன்பக்கம் வின்ச்சை (படகை டிரெய்லரில் இழுத்து ஏற்றும் உருளைக் கருவி) மட்டும் நம்பாமல் தனியாக ஒரு சங்கிலியும் மாட்டுங்கள்.