ஆட்டம் காட்டுகிறவரிடம் சரக்கு இருக்காது என்று நினைக்காதீர்கள்

1997 டிசம்பர் 19, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஏமன் நாட்டுப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த பாக்சர் நசீம் ஹமீது, திரைக்குப் பின்னால் நிழலாக நின்று நிமிடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார். எதிராளி கெவின் கெல்லி ரிங்குக்குள் எரிச்சலோடு காத்திருக்கிறார். ஒருவழியாக வந்த நசீம், கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டு உள்ளே குதித்தார். முதல் ரவுண்டிலேயே அடி வாங்கிக் கீழே விழுந்தார்.

இந்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டு ‘வெறும் பந்தா’ என்று தீர்ப்பு எழுதுவதுதான் பாக்சிங் பார்ப்பவர்கள் செய்கிற முதல் தவறு. நான்கு ரவுண்டுக்குள் ஆளுக்கு மூன்று முறை விழுந்தார்கள். கடைசியாக விழுந்து, பத்து எண்ணுவதற்குள் எழ முடியாமல் போனவர் கெல்லி.

அந்தச் சரக்கு வந்தது ஷெஃபீல்டில் பிரெண்டன் இங்கிள் நடத்திய ஜிம்மிலிருந்து. அங்கே தரையில் கோடுகள் போட்டிருக்கும். பையன்கள் அந்தக் கோடுகளின் மேல் கால் மாற்றி மாற்றி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நசீம் ஏழு வயதில் அங்கே சேர்ந்தவர். கையைத் தொங்கவிட்டு, முகத்தை நீட்டி, குத்து வரும்போது இடுப்பை வளைத்து அவர் தப்பிப்பது நமக்குத் திமிராகத் தெரியும். கால் நிற்கவேண்டிய இடத்தில் நின்றதால்தான் கை கீழே இருக்க முடிந்தது.

கை கீழே இருந்தால் அலட்சியம் என்பதும் தப்புக் கணக்கு, தைரியம் என்பதும் தப்புக் கணக்கு. சில நேரம் அது தூண்டில். 2002-இல் ராய் ஜோன்ஸ் ஜூனியர், ஆஸ்திரேலியாவின் க்ளென் கெல்லிக்கு முன்னால் (இவர் வேறு கெல்லி) இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து கிளம்பி வந்த வலக்கை கெல்லியைப் படுக்க வைத்துவிட்டது. 1980-இல் சுகர் ரே லியோனார்ட் வலக்கையை ராட்டினம் மாதிரி சுற்றிக் காட்டினார். ரொபர்டோ டுரான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இடக்கையால் முகத்தில் ஒன்று வைத்தார். அடுத்த ரவுண்டில் டுரான் ‘போதும்’ என்று திரும்பிக்கொண்டார். குத்தைவிடக் கேலிதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, ரெக்கார்டைப் பார்த்து மயங்குவது. 2001 ஏப்ரல் 7, லாஸ் வேகாஸ். நசீமுக்கு அதுவரை 35 போட்டி, 35 வெற்றி, அதில் 31 நாக் அவுட். எதிரே மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேரா, ஜூனியர் ஜோன்ஸிடம் இரண்டு முறையும் எரிக் மொராலெஸிடம் ஒரு முறையும் தோற்றவர். பந்தயம் கட்டியவர்கள் நசீம் பக்கம்தான் இருந்தார்கள். முட்டி மோதிச் சண்டை போடுபவர் என்று பெயர் வாங்கிய பரேரா, அன்றைக்கு அதைச் செய்யவே இல்லை. நசீமின் இடக்கைக்கு எட்டாதபடி தன் இடப்பக்கமாகவே நகர்ந்துகொண்டு, ஜாப் (முன்கையை நேராக நீட்டிப் போடும் விரைவுக் குத்து), இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) என்று பொறுமையாக வைத்துக்கொண்டே இருந்தார். நசீம் ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்று பாய்ந்து பாய்ந்து நிலை தடுமாறினார். இங்கிளைப் பிரிந்து அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பந்தா இருந்தது, கோட்டில் பழகிய கால்களைத்தான் காணோம். கடைசி ரவுண்டில் நசீமின் தலையைக் கொண்டுபோய் ரிங்கின் மூலையில் முட்டியதற்காகப் பரேரா ஒரு புள்ளி இழந்தார். அப்படியும் மூன்று ஜட்ஜுகளும் அவருக்கே கொடுத்தார்கள்.

கூட்டத்தின் சத்தத்தை வைத்து ரவுண்டைக் கணக்கிடாதீர்கள். சுத்தமாக விழுந்த குத்து, பலன் தந்த தாக்குதல், ரிங்கைத் தன் கையில் வைத்திருந்தவர் யார், தற்காப்பு: ஜட்ஜுகள் பார்ப்பது இவற்றைத்தான். நாக்கை நீட்டியதற்கு மார்க் கிடையாது. அடி வாங்கியவர் ‘வலிக்கவே இல்லை’ என்று தலையாட்டிச் சிரித்தால், பெரும்பாலும் நன்றாகவே வலித்திருக்கிறது.

சரி, பரேராவிடம் தோற்றதால் நசீம் போலி என்று முடிவுகட்டலாமா? அதுவும் தவறு. 1995-இல் கார்டிஃபில், ஸ்டீவ் ராபின்சனை அவருடைய சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே எட்டாவது ரவுண்டில் நிறுத்தி உலகப் பட்டத்தைப் பறித்தவர் அவர். 2015-இல் பாக்சிங்கின் சர்வதேச ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது. ராபின்சன் போட்டியையும் பரேரா போட்டியையும் அடுத்தடுத்துப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, நசீமின் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்.