புருஷன் பொண்டாட்டிக்குள்ள முடிவு எடுக்கறதுல நாம பண்ற தப்புகள்

செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் வீட்டுல கல்யாணம் முடிஞ்சா வேறு வைக்கிறது வழக்கம், வளவுன்னு சொல்ற ஒரே பெரிய வீட்டுக்குள்ளதான் இருப்பாங்க, ஆனா புது ஜோடிக்கு தனி அடுப்பு, தனி கணக்கு, வருஷத்துக்கு இவ்வளவு சாமான்னு குடுத்துருவாங்க, அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் சேந்து குடும்பம் நடத்திப் பழகணும். கோயில்லயும் கல்யாணமான ஜோடி சேந்துதான் ஒரு புள்ளி, அதாவது கணக்குல ஒரு குடும்பம். ஆம்பளைங்க பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போயி வருஷக்கணக்கா வராம இருந்தப்ப வீட்டையும் வட்டிக் கணக்கையும் வீட்டுப் பொம்பளைங்க, ஆச்சிமார்தான் பாத்துக்கிட்டாங்க. அப்படிப்பட்ட ஊருல இன்னைக்கும் நெறைய வீட்டுல முடிவு ஒருத்தர் கையிலயே நிக்குது, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

மொத தப்பு, முடிவு பண்ணிட்டு அப்பறம் கேக்கறது. வீட்டு மனைக்குப் புருஷன் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து சட்டையைக் கழட்டி மாட்டிக்கிட்டே "ஒரு எடம் பாத்திருக்கேன், நாளைக்கு வந்து பாரு, பிடிச்சிருக்கான்னு சொல்லு"ம்பாரு, ரசீது சட்டைப் பையிலயே இருக்கும். அந்தம்மாவும் போவாங்க, தண்ணி எத்தனை அடில வரும், பஸ்ஸு இருக்கான்னு கேக்க வாயெடுத்துட்டு, புரோக்கர் முன்னாடி புருஷனை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு "நல்லாத்தாங்க இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துருவாங்க. பின்னால ஏதாவது சிக்கல்னா "நீயும்தானே சரின்னே"ன்னு வரும். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்காதீங்க, பணம் கை மாறறதுக்கு முன்னாடி கேளுங்க.

அடுத்தது நகை. பொண்ணுக்குப் போட்டு அனுப்பற நகை, வைரத்தோடு, வெள்ளிச் சாமான் எல்லாம் சீதனம், அது பொண்டாட்டியோட சொத்துதான், புருஷன் வீட்டுல இருக்கறதால அந்த வீட்டுக்காரங்களோடது ஆயிறாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 1985ல சொல்லிருச்சு. ஆனாலும் கடைக்கு அவசரம்னு அடகு வச்சுட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போட எடுக்கப் போறப்பதான் அவங்களுக்கே தெரியும். கேட்டு வாங்கினா பெரும்பாலும் குடுப்பாங்க, அதை விட்டுட்டு கேக்காம எடுத்தா நம்பிக்கை போயிரும், நகையை மீட்டாலும் அது திரும்பாது.

பெரிய வீடுகள்ல இன்னொண்ணு இருக்கு, பங்கு. பூர்வீக வீட்டை விக்கறப்போ பொறந்த பொண்ணுங்ககிட்ட, பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேப்பாங்க. தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு வந்துருச்சு, அதுக்கு முன்னாடி கல்யாணமானவங்களுக்கு மட்டும் இல்லாம இருந்துச்சு, அந்தத் தடையையும் 2005 திருத்தம் எடுத்துருச்சு. வேணும்னு சொல்றதோ விட்டுக் குடுக்கறதோ அந்தம்மா முடிவு. "போட்டுக் குடு, அண்ணன் தம்பி உறவு முக்கியம்"னு புருஷன் தள்ளறதும் தப்பு, "போடாதே, கேஸ் போடு"ன்னு ஏத்தி விடறதும் தப்பு. படிச்சுக் காட்டுங்க, ரெண்டு நாள் டைம் குடுங்க, அவ்வளவுதான்.

"வீட்டுல எல்லாம் அவ ராஜ்யம்"னு சில பேரு பெருமையா சொல்லுவாங்க, சாம்பாரா ரசமாங்கறதுதான் அந்த ராஜ்யம். தேசிய குடும்ப நல ஆய்வுல பொண்ணுங்ககிட்ட உங்க வைத்தியம், வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்கறது, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறது, இதுல எல்லாம் யாரு முடிவு பண்றாங்கன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வியை உங்க வீட்டுல வச்சுப் பாருங்க. அப்பத்தா வீட்டுத் திதிக்குப் போறதுக்கே அனுமதி வேணும்னா மத்ததைப் பேசவே வேண்டாம்.

மாமியா வழியா சேதி விடறதும் வேண்டாம், ரெண்டு பேருக்கும் நடுவுல அவங்க மாட்டிக்குவாங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு இருக்கு, "எல்லாத்தையும் நீயே பாத்துக்க"ன்னு மொத்தமா தள்ளி விட்டுட்டு, பிள்ளைக்கு மார்க் கொறஞ்சா மட்டும் வந்து கேள்வி கேக்கறது. அதிகாரம் ஒருத்தர்கிட்ட, பழி இன்னொருத்தர்கிட்டன்னு இருந்தா எந்தப் பொம்பளையும் வாயத் தொறக்க மாட்டாங்க. மாசம் ஒரு நாள் உக்காந்து கடன், இன்சூரன்ஸ், பேங்க் பாஸ்புக், நாமினி பேரு எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதுங்க, அந்த நோட்டு எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்.