அரிக்கவும் செய்யும், தீயும் பிடிக்கும்: இந்த ரக கெமிக்கல் கொட்டினா பண்ணவே கூடாத தப்புகள்

ஆசிட் கொட்டினா தண்ணி ஊத்தி கழுவு, சால்வென்ட் கொட்டினா மண்ணை போட்டு அமுக்கு, நெருப்பு எதுவும் கிட்ட வராம பாத்துக்கோ. கெமிக்கல் புழங்குற இடத்துல வேலை பாக்குற யாரை கேட்டாலும் இதை சொல்லிடுவாங்க. சிக்கல் எப்போ வருதுன்னா ஒரே திரவம் ரெண்டு குணத்தையும் வச்சிருக்கும்போது. தோலை அரிச்சு புண்ணாக்கும், அதோட ஆவி தீயும் பிடிக்கும். கிளேசியல் (தண்ணி கிட்டத்தட்ட கலக்காத) அசிட்டிக் ஆசிட், மெத்தனால்ல கரைச்ச சோடியம் மெத்தாக்சைடு, சில அமீன் கரைசல்கள், குளோரோசைலேன் வகையறா எல்லாமே இந்த கூட்டம்தான். இங்க ஒரு ஆபத்துக்குன்னு பழகின கை இன்னொரு ஆபத்தை தூண்டி விட்டுடும், ஆளுங்க அடிபடுறது பெரும்பாலும் அப்படித்தான்.

முதல் தப்பு, லேபிள்ல ஒரு படத்தை மட்டும் பாக்குறது. டிரம்முல பெருசா அரிக்கும் படம் இருக்கும், பக்கத்துல தீப்பிழம்பு படமும் இருக்கும், அவசரத்துல கண்ணு முதல்ல பட்டதோட நின்னுடும். அசிட்டிக் ஆசிட்டையே எடுத்துக்கோங்க, எல்லாரும் இதை ஆசிட்டா மட்டும்தான் நினைக்கிறாங்க, ஆனா கிளேசியலோட ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி பத்திக்கிற அளவுக்கு கிளம்ப ஆரம்பிக்கிற சூடு) சுமார் 39 டிகிரி செல்சியஸ், வெயில்ல காஞ்சு கிடக்குற சிமென்ட் தரையில கொட்டினா அந்த சூட்டை ஈஸியா தொட்டுடும், அப்புறம் ஒரு பொறி போதும். அதே ஆசிட் 10ல இருந்து 80 சதவீதத்துக்குள்ள இருந்தா வேற யுஎன் நம்பர் (ஆபத்தான பொருளுக்கு உலக அளவுல குடுத்திருக்குற அடையாள எண்), 2790, அதுக்கு அரிக்கும் வகுப்பு மட்டும்தான். 80க்கு மேல போனா 2789, அதுல தீப்பிடிக்கும் தன்மையும் சேர்ந்துக்கும். அதனால "அசிட்டிக் ஆசிட் கொட்டிடுச்சு"ன்னு மட்டும் ஃபோன்ல சொன்னா அது பாதி தகவல்தான், எத்தனை சதவீதம், யுஎன் நம்பர் என்ன, இதையும் சேர்த்து சொல்லுங்க.

டேங்கர் லாரின்னா பல நாடுகள்ல ஆரஞ்சு கலர் பலகையில ரெண்டு நம்பர் இருக்கும். கீழ இருக்குறது யுஎன் நம்பர், மேல இருக்குறது ஆபத்து நம்பர். அதுல 8 அரிப்பை குறிக்கும், 3 தீப்பிடிக்கும் திரவத்தை குறிக்கும், அதனால 83, 38ன்னு பாத்தா ரெண்டும் இருக்குன்னு அர்த்தம். அந்த நம்பருக்கு முன்னாடி எக்ஸ்னு ஒரு எழுத்து இருந்தா, தண்ணி பட்டா மோசமா ரியாக்ட் ஆகும்னு எச்சரிக்கை. இந்த ஒரு எழுத்தை கவனிக்காம ஹோஸை திறந்தா நிலைமை கையை மீறி போயிடும், குளோரோசைலேன் மேல தண்ணி பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பி நிக்கிறவங்க நுரையீரலுக்கே போகும்.

தண்ணி விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேசணும், ஏன்னா அதிகமா தப்பு நடக்குறது இங்கதான். ஆள் மேல பட்டா தண்ணி, அதுல சந்தேகமே வேண்டாம். தரையில கிடக்குற திரவத்துக்கு தண்ணியா வேண்டாமாங்கிறது வேற கேள்வி, அதுக்கு பதில் கெமிக்கலை பொறுத்து மாறும். நிறைய பேர் ஹோஸ் எடுத்து நேரா டிரெயினுக்கு (கழிவுநீர் போற வழிக்கு) அடிச்சு விட்டுடுறாங்க, கண்ணு முன்னாடி இருந்தது காணாம போனதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குறாங்க. அது எங்கயும் காணாம போகல, பைப்புக்குள்ள ஆவியா ஓடிட்டு இருக்கு, இன்னொரு ரூம்ல இருக்குற தரை ஓட்டை வழியா மேல வரும், அங்க யாராவது வெல்டிங் பண்ணிட்டு இருக்கலாம். டிரெயின்ல ஏற்கனவே பிளீச்சோ சல்ஃபைடோ போயிருந்தா ஆசிட்டோட சேர்ந்து விஷ வாயு வேற வரும். அதனால எதையும் கழுவி விடுறதுக்கு முன்னாடி டிரெயின் வாயை மண் மூட்டையாலயோ கவர் போட்டோ அடைங்க, கொட்டுனதை வெளிப்பக்கத்துல இருந்து சுத்தி கரை கட்டுங்க. ஆவியை அமுக்க தண்ணியை தெளிக்கிறதுன்னா பொடிப்பொடி துளியா, பனி மாதிரி ஆவி மேகத்து மேல மட்டும், அதுவும் தண்ணியோட ரியாக்ட் ஆகாதுன்னு உறுதியா தெரிஞ்ச கெமிக்கலுக்கு மட்டும். வேகமா ஒரே தாரையா அடிச்சா தேங்கி கிடக்குறது சிதறி இன்னும் பரவும்.

அடுத்தது, உடனே நியூட்ரலைஸ் பண்ணிடலாம், அதாவது எதிர் குணம் உள்ளதை போட்டு வீரியத்தை அடக்கிடலாம்ங்கிற ஆர்வம். ஆசிட்னா காஸ்டிக் (காரம்), காஸ்டிக்னா ஆசிட், ஸ்கூல் லேப்ல பீக்கர்ல பண்ணின கணக்கு அப்படியே மனசுல நிக்குது. பலமான ஆசிட்டும் பலமான காரமும் சேர்ந்தா சூடு கிளம்பும், அந்த சூடு என்ன பண்ணும், தீப்பிடிக்கிற திரவத்தை இன்னும் வேகமா ஆவியாக்கும், ஃப்ளாஷ் பாயின்ட்டை தாண்ட வைக்கும். அரிப்பை குறைக்கப்போய் நெருப்புக்கு வழி பண்ணி குடுத்த மாதிரி ஆயிடும். சரி, பேக்கிங் சோடா சாதுவான பொருளாச்சேன்னா, அதுலயும் கணக்கு இருக்கு. ஒரு லிட்டர் கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டை முழுசா முடிக்க கிட்டத்தட்ட 1.5 கிலோ சோடா வேணும், அதுல இருந்து 400 லிட்டருக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். அந்த நுரையும் குமிழியும் ஆசிட் துளியையும் ஆவியையும் தூக்கிட்டு மேல வரும், நீங்க குனிஞ்சு கொட்டிட்டு இருந்தீங்கன்னா மூஞ்சிக்கு நேரா. சின்ன அளவு, நல்ல காத்தோட்டம், ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா, அப்படின்னா பரவாயில்ல. பெரிய ஸ்பில்லுக்கு என் கருத்து, முதல்ல உறிஞ்சி எடுத்துட்டு தரையில மிச்சம் இருக்குற கறைக்கு மட்டும் நியூட்ரலைஸ் பண்ணுங்க.

உறிஞ்ச எதை போடுறதுங்கிறதுலயும் கை தப்பா போகும். மரத்தூள், கழிவு துணி, பேப்பர், இதுதான் கைக்கு உடனே கிடைக்கும். ஆனா இதெல்லாம் தானே எரியுற பொருள், கொட்டினதுல நைட்ரிக் ஆசிட் மாதிரி ஆக்சிஜனேற்றி (மத்த பொருளை எரிய தூண்டுறது) கலந்திருந்தா யாரும் நெருப்பு வைக்காமலே புகைய ஆரம்பிச்சு பத்திக்கும். காஞ்ச மணல், காஞ்ச மண், வெர்மிகுலைட் (திரவத்தை உறிஞ்சுற லேசான கனிமம்) இதெல்லாம் பொதுவா சரி. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் கலந்திருந்தா மணலும் வெர்மிகுலைட்டும் கூட வேண்டாம், அதுல இருக்குற சிலிகாவோட ரியாக்ட் ஆகி விஷ வாயு குடுக்கும். இன்னொன்னு, மண்ணுல ஊறிட்டா ஆவி நின்னுடும்னு நினைக்காதீங்க, ஊறின மண்ணுல இருந்தும் ஆவி வந்துட்டேதான் இருக்கும், பரப்பு கூடினதால சில நேரம் முன்னைவிட அதிகமாவே வரும்.

அள்ளுறதுக்கு இரும்பு மம்பட்டி, போடுறதுக்கு நாக (ஜிங்க்) முலாம் பூசின வாளி எடுக்குறாங்க. ஆசிட்டும் நாகமும், ஆசிட்டும் அலுமினியமும் சேர்ந்தா ஹைட்ரஜன் வரும், காத்துல வெறும் 4 சதவீதம் இருந்தாலே அது பத்திக்கும், மம்பட்டி தரையில உரசினா பொறி வேற. அலுமினியத்தை காரமும் விட்டு வைக்காது, சோடியம் மெத்தாக்சைடு கரைசல் பட்டாலும் ஹைட்ரஜன்தான். பிளாஸ்டிக் கரண்டி, அந்த கெமிக்கலை தாங்குற பிளாஸ்டிக் டிரம், இதை முன்கூட்டியே வாங்கி ஒரு ஓரமா வச்சிருந்தா அந்த நேரத்துல தேட வேண்டாம்.

பொறின்னதும் எல்லாரும் சிகரெட், தீப்பெட்டியோட நிறுத்திடுறாங்க. லைட் சுவிட்சை போடுறது மட்டும் இல்ல, அணைக்கிறதும் பொறி கிளப்பும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், ஃபோர்க்லிஃப்ட், வேக்குவம் கிளீனர், பாக்கெட்ல இருக்குற செல்ஃபோன், எல்லாம் கணக்குல வரும். கரண்டை நிறுத்தணும்னா ஆவி எட்டாத தூரத்துல இருக்குற மெயின்ல நிறுத்துங்க. அசிட்டிக் ஆசிட் ஆவி காத்தை விட ரெண்டு மடங்கு கனம், தரையோட ஒட்டி ஊர்ந்து போய் தூரத்துல இருக்குற நெருப்பை தொட்டு அங்கிருந்து திரும்பி ஓடி வந்து கொட்டின இடத்துல பத்திக்கும். அதனால பள்ளத்துலயும் காத்து போற திசையிலயும் நிக்காதீங்க, காத்து எந்த பக்கத்துல இருந்து வருதோ அந்த பக்கம், மேடான இடம். கெமிக்கல் விபத்துக்கு முதல்ல போறவங்களுக்கான எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் கைடுபுக்ல இந்த மாதிரி தீப்பிடிக்கிற, அரிக்கிற திரவங்களுக்கு கைடு 132னு தனி பக்கமே இருக்கு, திரவம் கொட்டினா எல்லா பக்கமும் குறைஞ்சது 50 மீட்டர் ஆளுங்களை விலக்கணும், டேங்கர் தீயில மாட்டியிருந்தா 800 மீட்டர். இந்த தூரத்தை கேட்டதும் நிறைய பேருக்கு ஓவரா தெரியும், தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, மீட்டரை நம்புறது. தீப்பிடிக்கும் ஆவியை அளக்குற எல்ஈஎல் மீட்டர் (ஆவி பத்திக்க வேண்டிய குறைஞ்ச அளவுல எத்தனை சதவீதம் இருக்குன்னு காட்டுறது) 1 சதவீதம் காட்டுது, "ஒண்ணும் இல்ல, போலாம்"னு உள்ள போறாங்க. அசிட்டிக் ஆசிட் ஆவி பத்திக்க காத்துல 4 சதவீதம் வேணும், அதுல நூத்துல ஒரு பங்குன்னா 400 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 400 பங்கு. ஆனா உயிருக்கும் உடம்புக்கும் உடனடி ஆபத்துன்னு வச்சிருக்குற அளவு 50 பிபிஎம்தான், அதாவது நெருப்பு கணக்குல ஒண்ணுமே இல்லாத இடத்துல மூச்சு கணக்குல எட்டு மடங்கு தாண்டியாச்சு. மீட்டர் பொய் சொல்லல, நாமதான் அதுகிட்ட ஒரு ஆபத்தை பத்தி மட்டும் கேட்டிருக்கோம். போதாததுக்கு பெரும்பாலான மீட்டர் மீத்தேனுக்கு செட் பண்ணினது, வேற ஆவிக்கு குறைச்சு காட்டலாம், அரிக்கிற புகை சென்சாரையே கெடுக்கவும் செய்யும்.

உடுப்புலயும் இதே கதைதான். தீயணைப்பு கோட் சூட்டை தாங்கும், கெமிக்கல் ஊடுருவுறதை பெருசா தடுக்காது. கெமிக்கல் சூட் அரிப்பை தடுக்கும், ஆனா பல சூட் தீ பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும். ரெண்டையும் தாங்குறது தனியா கேட்டு வாங்குற சமாச்சாரம், அது இல்லாம பயிற்சியும் இல்லாம உள்ள போறதை விட வெளிய நின்னு ஆளுங்களை தடுக்குறதுதான் பெரிய உதவி. சாதா மெல்லிசு கையுறை பல சால்வென்ட்டுக்கு சில நிமிஷம் கூட தாங்காது, கை நனையலயேன்னு தைரியமா இருக்கும்போதே உள்ள ஊடுருவிட்டு இருக்கும்.

தீ பிடிச்சுட்டா சாதாரண ஃபோம் எடுக்காதீங்க. மெத்தனால், அசிட்டிக் ஆசிட் மாதிரி தண்ணியில கலக்குற திரவம் அந்த நுரையை உடைச்சு தின்னுடும், ஆல்கஹால் ரெசிஸ்டன்ட் ஃபோம்தான் வேணும். மெத்தனால் எரியுற தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே சரியா தெரியாது, தீ இல்லன்னு நினைச்சு கிட்ட போயிடாதீங்க.

ஆள் மேல பட்டா மொத தப்பு, துணியை கழட்ட தயங்குறது. நனைஞ்ச துணி தோலையும் அரிச்சுட்டே இருக்கும், பத்திக்கிற திரவத்துல ஊறினதாவும் இருக்கும், ஷவருக்கு அடியில நிக்கும்போதே கழட்டணும், வெக்கப்பட நேரமில்ல, பக்கத்துல இருக்குறவங்க ஒரு போர்வையை பிடிச்சு மறைச்சுக்கோங்க. ரெண்டாவது, சீக்கிரம் நிறுத்துறது. எரிச்சல் குறைஞ்சதும் ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடுறாங்க, குறைஞ்சது 20 நிமிஷம் ஓடுற தண்ணி வேணும். காரம்னா இன்னும் அதிக நேரம், ஏன்னா அது தோல்ல இருக்குற கொழுப்பை சோப்பா மாத்தி உள்ள உள்ள போயிட்டே இருக்கும், வலியும் ஆரம்பத்துல கம்மியா இருக்கும், அதனாலயே ஏமாந்துடுவாங்க. கண்ணுல பட்டா இமையை விரிச்சு பிடிச்சு கழுவணும், லென்ஸ் இருந்தா கழுவிட்டே எடுக்கணும். தோல் மேலயோ கண்ணுலயோ சோடாவோ வினிகரோ போட்டு நியூட்ரலைஸ் பண்றதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் மட்டும் தனி, அது உடம்புல இருக்குற கால்சியத்தை பிடிச்சுக்கும், கழுவினதோட கால்சியம் குளுகோனேட் ஜெல்லும் உடனடி ஆஸ்பத்திரியும் தேவை.

அள்ளின கழிவை சாதா குப்பையில போடுறதும், இருக்குற சால்வென்ட் கழிவு கேன்லயே கொட்டுறதும் தப்பு. நைட்ரிக் ஆசிட் கழிவை ஆல்கஹால் மாதிரி சால்வென்ட்டோட சேர்த்து இறுக்கி மூடினா உள்ள வாயு சேர்ந்து கேன் வெடிக்கும், அதுவும் உடனே இல்ல, எல்லாரும் கிளம்பினப்புறம். தனி டிரம், வாயு வெளிய போற மூடி, மேல என்ன இருக்குன்னு எழுதின லேபிள்.

கடைசியா, ஆவியை சுவாசிச்சவரை "நல்லா இருக்கேன்"னு சொன்னதும் வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. அரிக்கிற ஆவி நுரையீரல்ல நீர் கோக்க வைக்கும், அது சில மணி நேரம் கழிச்சு, சில நேரம் ஒரு நாள் தாண்டி கூட வரும். அதனால டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, போகும்போது டிரம் லேபிளை பாதுகாப்பான தூரத்துல இருந்து எடுத்த ஃபோட்டோவோ சேஃப்டி டேட்டா ஷீட்டோ (அந்த கெமிக்கலோட ஆபத்து விவரம் இருக்குற தாள்) கையில இருக்கட்டும், "ஏதோ ஆசிட்"னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.