சின்ன ரெஸ்லிங் கம்பெனியின் வாராந்திர நிகழ்ச்சியைப் பார்ப்பது எப்படி?

டபிள்யூடபிள்யூஇ போன்ற பெரிய கம்பெனி ரெஸ்லிங்கில் வாணவேடிக்கை, ராட்சதத் திரை, ஏகப்பட்ட கேமரா எல்லாம் சேர்ந்து நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சில நூறு பேர் உட்காரும் கூடத்தில் இரண்டு மூன்று கேமராவை வைத்து எடுக்கிற நிகழ்ச்சியில் அந்த உதவி கிடையாது. அதனால்தான் பலரும் ஒரு எபிசோடோடு நிறுத்திவிடுகிறார்கள். பகலெல்லாம் வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரிவதுதான் இந்த நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடித்ததே. எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கும் பிடிக்கும்.

முதலில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, பழைய எபிசோட்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும், கமென்ட்ரி செய்பவர் தேறியவராக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 1990களில் ஈசிடபிள்யூ என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் மங்கலான படத்தையும் மீறி ஜனங்கள் கதையைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம், பெரும்பாலும் தனி ஆளாக உட்கார்ந்து கமென்ட்ரி செய்த ஜோயி ஸ்டைல்ஸ். யார், யார்மேல் கோபம், ஏன் கோபம் என்பதை மேட்ச் நடக்கும்போதே சொல்லிவிடுகிறவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே ஜோக் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடுங்கள்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரிலிருந்து வரும் ஓவிடபிள்யூவைச் சொல்வேன். 1993இல் ஆரம்பித்த கம்பெனி. 2000த்தில் தொடங்கிச் சில வருடங்கள் டபிள்யூடபிள்யூஇ தன் புது ஆட்களை அங்கேதான் பழக்கியது. ஜான் சீனா, பட்டிஸ்டா, ராண்டி ஆர்ட்டன், பிராக் லெஸ்னர் எல்லாரும் அங்கே அடிவாங்கி வந்தவர்கள். ஓவிடபிள்யூவின் டிவி நிகழ்ச்சி ஆயிரம் எபிசோடை எப்போதோ தாண்டிவிட்டது. அதற்காக முதல் எபிசோடைத் தேடிப் போகாதீர்கள். கடைசியாக நடந்த பெரிய சாம்பியன்ஷிப் நிகழ்ச்சி எது என்று பார்த்து, அதற்கு அடுத்த வார எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள். தோற்றவர் வந்து புலம்புவார், ஜெயித்தவருக்குப் புது எதிரி முளைப்பார், எல்லாரையும் மறுபடி அறிமுகம் செய்வார்கள்.

முதல் மூன்று வாரம் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பெல்ட் (சாம்பியன் பட்டம்) யாரிடம், யாருக்கும் யாருக்கும் தகராறு, இவ்வளவு போதும். மேட்ச் நன்றாக இருந்ததா, எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் கதை கைநழுவிவிடும்.

நிகழ்ச்சியில் ஒரு மேட்ச் இரண்டே நிமிடத்தில் முடியும். பேர் தெரியாத ஒரு பையனை ஒரு தடியர் துவைத்து எடுப்பார். அதைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். தள்ளாதீர்கள், அதுதான் பாடம். மேட்சை முடிக்க அவர் போடும் அடி எது, அதற்கு முன்னால் என்ன சைகை காட்டுகிறார் என்பதை அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாலு வாரம் கழித்து முக்கியமான மேட்சில் அதே அடியிலிருந்து எதிராளி மீண்டு எழும்போது கூட்டம் ஏன் கத்துகிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டாமா?

அப்புறம் பேச்சு. மைக்கைப் பிடித்துச் சவால் விடுகிறாரே, அந்த ப்ரோமோ. குரலை விட்டுவிட்டுச் செய்தியைக் கேளுங்கள்: யாரோடு, எப்போது, எதற்காக. டிவி நிகழ்ச்சி ஒருகாலத்தில் டிக்கெட் விற்பதற்காகவே இருந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் அப்போது சனிக்கிழமை காலை ஐந்தாம் சேனலில் தொண்ணூறு நிமிடம் நேரலை. தொகுத்தவர்கள் லான்ஸ் ரசலும், அதே சேனலில் வானிலை சொல்லும் டேவ் பிரவுனும். அந்த ஊர் ரெஸ்லிங் வீரர் ஜெர்ரி லாலர் வந்து கொதித்துவிட்டுப் போனால், அந்தச் சண்டையைத் திங்கட்கிழமை ராத்திரி மிட்-சவுத் கொலிசியத்தில் டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் நல்ல ப்ரோமோவின் எலும்புக்கூடு அதுதான். அந்தப் பழைய ஸ்டுடியோ பாணியைப் புதிதாகப் பார்க்க வேண்டுமென்றால், அட்லாண்டாவின் டிவி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்து 2019 அக்டோபரில் யூடியூபில் வர ஆரம்பித்த 'என்டபிள்யூஏ பவர்' என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சியின் முதல் எபிசோட்களைப் பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. வாராவாரம் வருகிறதே தவிர, வாராவாரம் எடுப்பது அபூர்வம். கூடத்தின் வாடகை, கேமரா வாடகை, ஆட்களின் பயணச்செலவு எல்லாம் கட்டுப்படியாகாது. ஒரே ராத்திரியில் மூன்று நான்கு எபிசோடைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். முதல் வரிசையில் ஆரஞ்சு டிஷர்ட் போட்டவர் மூன்று 'வாரமும்' அதே நாற்காலியில் அதே டிஷர்ட்டோடு உட்கார்ந்திருப்பார். கேமரா பார்த்த பக்கம் மட்டும் நாற்காலி நிறைந்திருக்கும், மூன்றாவது எபிசோடில் அங்கேயும் ஓட்டை விழும், கூட்டத்தின் தொண்டை கட்டியிருக்கும். இன்னொன்று உண்டு. மார்பில் உள்ளங்கையால் விளாசுவார்களே, அந்தச் சிவப்புத் தடம். 'போன வாரம்' அடிவாங்கினவர் இந்த வாரம் சட்டை பட்டனைத் திறந்துவிட்டு நின்று பேட்டி கொடுப்பார், ஐந்து விரலும் மார்பில் அப்படியே பதிந்திருக்கும். எடிட்டர் ஒன்றும் செய்ய முடியாது, கழுத்துக்கு மேலே க்ளோசப் வைக்கலாம், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது வெறும் விளையாட்டுக்கு இல்லை. ஒரே ராத்திரியில் எடுத்த எபிசோட்களின் கடைசியில் ஏதாவது ஒரு பெரிய திருப்பம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். நடுவில் வேறு வெளிச்சத்தில், வேறு சுவர் முன்னால் எடுத்த பேட்டி திடீரென்று வந்தால், ஷூட்டிங் முடிந்தபிறகு ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது காயம் பட்டிருக்கலாம், யாராவது கம்பெனியை விட்டுப் போயிருக்கலாம். ஒட்டுப்போடுகிறார்கள்.

இடைவேளை முடிந்து மேட்ச் திரும்பும்போது பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் இருப்பார். மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். ரெஃப்ரி குனிந்து கையைத் தூக்கிப் பார்க்கிற சாக்கில், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் சொல்லியிருப்பார். அவர் காதைக் கவனியுங்கள், சில நேரம் இயர்பீஸ் தெரியும்.

முன்பே எடுத்த நிகழ்ச்சி என்பதால் முடிவுகள் ஒளிபரப்புக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், வீரர்களை சமூக ஊடகத்தில் பின்தொடர வேண்டாம். புது சாம்பியன் தோளில் பெல்ட்டோடு செல்ஃபி போட்டுவிடுவார், நீங்கள் அந்த மேட்சை இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

'எல்லாம் நடிப்புதானே' என்று பக்கத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். முடிவு முன்பே தீர்மானமானது, விழுவது நிஜம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு சத்தத்தைக் கூட்டுங்கள்.

ஏதோ காரணத்தால் இரண்டு வாரம் விட்டுப்போனால் அதற்காக ராத்திரி கண்விழிக்க வேண்டாம். அடுத்த எபிசோடின் முதல் இரண்டு நிமிடத்தில் நடந்ததைச் சுருக்கமாகக் காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துத் தாளில் பெல்ட் வரிசையை மட்டும் திருத்திக்கொண்டு மேலே போங்கள்.