குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம்: இருவராக மூன்று இரவு போய்வர

டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம் என்றால் குளிரைப் பற்றி எல்லாரும் சொல்லித்தருவார்கள், ஆனால் திட்டம் போடும்போது பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. மாதக் கடைசியில் அங்கே விடிய காலை 8.45 தாண்டிவிடும், மாலை 4.30க்குப் பொழுது பட்டுவிடும். அவர்களுடைய நேரம் எங்கள் இலங்கை நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் என்பதால், நானும் இவரும் முதல் நாள் அதிகாலை மூன்று மணிக்கே முழித்து, குளித்து உடுத்து, ஜன்னல் பக்கம் இருந்து இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே நடந்து பார்ப்பதெல்லாம் ஒன்பதிலிருந்து மூன்று வரை, அதன்பிறகு நூதனசாலை, இருட்டினபிறகு படகு. இந்த ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

எடுக்க வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், டிசம்பருக்கு ஆட்கள் கூட என்பதால் ஓகஸ்டிலேயே தொடங்குங்கள். விரலடையாளம் கொடுக்க இருவரும் கொழும்புக்கு நேரில் போகத்தான் வேண்டும், எங்களைப்போலத் திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் போனால் காலையில் வேலை முடிந்துவிடும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

உடுப்புக்கு அங்கே போய்க் காசு கொட்ட வேண்டாம். நுவரெலியா பஜாரில் ஏற்றுமதி ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும், தலைமூடி உள்ளதாகவும் நீர் புகாததாகவும் பார்த்து எடுங்கள், ஏனென்றால் அங்கே பெய்வது எங்கள் மாரி மழை மாதிரிக் கொட்டுகிற மழை இல்லை, காற்றோடு பக்கவாட்டில் வருகிற தூறல், குடை பிடித்தால் இரண்டாம் நாளே கம்பி வளைந்துவிடும். உள்ளே மெல்லிய தெர்மல் உடுப்பு ஒன்று, மேலே கம்பளிச் சுவெட்டர் ஒன்று. காதை மூடும் தொப்பி அவசியம். சப்பாத்துதான் முக்கியம், நனையாததாக, தடித்த சொக்ஸ் போட்டாலும் விரல் அசையக்கூடியதாக இருக்கட்டும்.

அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கால்வாய்க் கரையில் இருக்கும் பழைய வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை, படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து. சாமானைப் படியால் ஏற்ற முடியாமல்தான் வீட்டு உச்சியில் கொக்கி வைத்துக் கயிற்றால் தூக்கினார்கள், அந்தக் கொக்கிகளை இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கலாம். எங்கள் அறை நாலாம் மாடியில், லிஃப்ட் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு இடையில் நின்ற இவர், "இஞ்ச, கொஞ்சம் பிடியும்" என்று கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆளுக்கொரு சின்னப் பெட்டி போதும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்தின் பெரிய ஸ்டேஷனுக்கு ரயிலில் கால் மணித்தியாலம்தான். ரயில், டிராம் எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட வேண்டும், ஒரு அட்டையில் இருவர் போக முடியாது. அதனால் வெளிநாட்டில் வேலைசெய்யும் அட்டை ஆளுக்கொன்று. டிராமில் காசுத்தாள் எடுக்க மாட்டார்கள், பல கடைகளிலும் அப்படித்தான்.

முதல் நாள் ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் மூன்று கால்வாய்களையும் ஒட்டி நடந்தாலே போதும். 1613இல் வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாய் வளையம் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சேற்று நிலம், அதனால் கட்டிடம் எல்லாம் மரக்கம்பங்களின் மேல் நிற்கிறது, டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சிவப்பு நிறப் பாதையில் கால் வைத்துவிடாதீர்கள், அது சைக்கிளுக்கு, அவர்கள் வேகத்தைக் குறைப்பதில்லை. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு ஆறு வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமைகளில், இணையத்தில் மட்டும் டிக்கெட் விடுவார்கள். நாட்டின் பெரிய நூதனசாலையான ரைக்ஸ்மியூசியம் ஐந்து மணிக்கு மூடும். கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்துக்காரர், எடுத்துப்போன பீரங்கியை அங்கே தேட வேண்டாம், அது 2023இல் திரும்பி வந்து இப்போது கொழும்பில் இருக்கிறது.

இரவுப் படகுதான் இந்தப் பயணத்தின் பெரிய சந்தோசம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஒளித் திருவிழா நடக்கும், தண்ணீருக்கு மேலேயே ஒளிச்சிற்பங்கள் வைப்பார்கள். கண்ணாடி மூடிய படகில் இருவரும் ஒட்டிக்கொண்டு இருந்தால் ஒன்றரை மணித்தியாலம் போவதே தெரியாது.

சோறு கறிக்கு நாக்குத் தவித்தால் சுரினாம் கடை தேடுங்கள், சுரினாம் தென் அமெரிக்காவில் ஒல்லாந்தர் முன்பு ஆண்ட நாடு. 1873 முதல் இந்தியாவிலிருந்து சுரினாமுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சமையல் அங்கே கிடைக்கும், ரொட்டியோடு கோழிக்கறி, உருளைக்கிழங்கு, பயத்தங்காய் வரும். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும், சைவர்கள் கேட்டுக் குடியுங்கள்.

கடைசி நாள் காலையை ஓடே ஹோக்ஸ்ட்ராட் என்ற தெருவில் இருக்கும் ஒரு பழைய வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நியூமார்க்ட் மெட்ரோவில் இறங்கினால் கிட்ட. எங்கள் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கீசர் கட்டிய பிரெட்ரிக் கோட்டை பிறகு ஒல்லாந்தர் கைக்கு வந்ததல்லவா, அந்த ஒல்லாந்தர் என்பது 1602இல் தொடங்கிய ஒரு கொம்பனி, அதன் தலைமையகம் இந்த வீடுதான். இப்போது பல்கலைக்கழகம் நடக்கிறது. வேலை நாளில், பகலில் போய், முற்றத்தில் சத்தமில்லாமல் நின்று பாருங்கள். அந்தக் கோட்டை வாசலால் எத்தனையோ தரம் பஸ்ஸிலும் நடந்தும் போய்வந்த நாங்கள் இரண்டு பேரும் அங்கே வெகுநேரம் பேசவில்லை.